அம்பாங் குட்டையில் விழுந்த டைகர் மோத்

பாசமுள்ள அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. தமிழ்ப் பேப்பரில் படம் போட்டு நாலு வரி அஞ்சலி கொடுத்தால் போதும் என்றாள் அக்கா. விஷயம் நாலு வரியில் அடங்குவதாக இல்லை. அரைப்பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஊரே படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. அக்காவுக்கு முட்டிவலி, மற்றபடி சௌக்கியம். பண்டமாரான் வீட்டில் இன்னும் அந்த டோப் வாடை போகவில்லை. மாடல் விமானத்தின் இறக்கைத் துணி விறைப்பதற்கு நீங்கள் பூசுவீர்களே, நகப்பூச்சு மாதிரி நெடி அடிக்குமே, அதுதான். "சோத்துலகூட அந்த வாடைதான்டா" என்று இருபது வருடம் திட்டியவள், இப்போது ஸ்டோர் ரூம் கதவைச் சாத்த விடுவதில்லை.

அந்த ஸ்டோர் ரூமை ஒதுக்கித் தரச் சொல்லித்தான் போன மாதம் என்னைக் கூப்பிட்டாள். மேல்தட்டில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. சுற்றிலும் டேப் ஒட்டி, மேலே உங்கள் கையெழுத்தில் 'திறக்காதே'. என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? ரயில்வே சிக்னலில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன். பச்சை விளக்கு எரிந்தாலும் ஏன் எரிகிறது என்று கேட்கிறவன். திறந்துவிட்டேன்.

உள்ளே உங்கள் மாடல் விமானம், டைகர் மோத்.

இரண்டு வருடம் கட்டினீர்கள். போர்ட்டில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, நிஜ விமானத்தின் பழைய வரைபடத்தை மேஜையில் விரித்து, ஆறில் ஒரு பங்காக அளந்து அளந்து பால்சா கட்டையை வெட்டுவீர்கள். மேலும் கீழுமாக இரட்டை இறக்கை, ஐந்தடி அகலம். விமானி பொம்மைக்குத் தோல்தொப்பி தைக்க அக்காவின் கைப்பை ஒன்று காணாமல் போனது. அதற்கு வீட்டுக்கு வந்துபோன அத்தனை பேரையும் நான் சந்தேகப்பட்டேன், உங்களைத் தவிர.

ஞாயிறு காலைகளில் அம்பாங்கில், ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைக்குப் பக்கத்து மணல்வெளியில்தான் எல்லோரும் பறக்கவிடுவோம். அங்கே ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு ரேடியோ அலைவரிசைக்கும் ஒரு நிறம். அந்த நிறம் பூசிய துணி கிளிப் ஒன்றே ஒன்று பலகையில் தொங்கும். அதை எடுத்து ரிமோட்டின் ஏரியலில் மாட்டிய பிறகுதான் சுவிட்சைப் போடவேண்டும். ஒரே நிறத்தில் இரண்டு பேர் போட்டால் மேலே இருப்பது கீழே வந்துவிடும். மஞ்சள் இரண்டு பேருக்குத்தான்: உங்களுக்கும், உங்கள் பதினைந்து வருட சிநேகிதர் செல்வரத்தினம் அங்கிளுக்கும்.

டைகர் மோத்தைக் கொண்டுபோன அன்றைக்கு மஞ்சள் கிளிப் உங்களிடம் இருந்தது. டைகர் மோத் நாலு நிமிடம் அழகாகப் பறந்தது. பிறகு உதறியது, நிமிர்ந்தது, மறுபடி உதறிக்கொண்டே குட்டையை நோக்கி இறங்கியது. அது தண்ணீரைத் தொடும் முன்பே நான் திரும்பி அங்கிளைப் பார்த்துவிட்டேன். காரின் பின்பக்கம் நின்று ரிமோட் பெட்டியை அவசரமாக மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதும்.

"நான் ஒண்டும் செய்யேல்ல தம்பி. பெட்டியைத் திறந்தனான், சுவிட்சில கை வைக்கேல்ல."

"கிளிப் இல்லாம பெட்டிய ஏன் திறந்தீங்க அங்கிள்? பொறாமைலா உங்களுக்கு."

பத்துப் பேர் முன்னால் கத்தினேன். நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உடைந்ததை அள்ளிக்கொண்டு வந்தீர்கள். "வாடா, வீட்டுக்குப் போலாம்" என்றதோடு சரி. அங்கிள் அதன்பிறகு அம்பாங் பக்கமே வரவில்லை. பென்ஷன் ஆனதும் காஜாங்குக்குக் குடிபோய்விட்டார்.

உங்கள் சாவுக்கு வந்தார், அத்தான். வெள்ளைச் சட்டை, கையில் மாலை. நான் கேட்டை விட்டு நகரவில்லை. "பிளேன விழ வச்சது போதாதா? இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றேன். மாலையைக் கேட் கம்பியில் மாட்டிவிட்டு நடந்துவிட்டார். அதையும் எடுத்துச் சாக்கடையில் போட்டேன்.

பெட்டிக்கு வருகிறேன். உடைந்த இறக்கைகள், துருப்பிடித்த எஞ்சின், தொப்பி போட்ட பொம்மை. தனியாக ஒரு தீப்பெட்டி. அதற்குள், பாட்டரியிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒயர், பச்சை உறையோடு. அந்த உறை பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையிலிருந்து நான் கொண்டுவந்தது. அந்த ஒயருக்கு ஈயம் உருக்கி சால்டர் அடித்தவனும் நான்தான். "சிக்னல்காரன் கை, நூறு வருஷத்துக்கு அசையாது" என்று பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

உறை பிளேடால் நீளமாகக் கீறியிருந்தது. விமானம் தண்ணீரில் விழுந்தால் பிளேடு வெட்டு வராது. நீங்கள்தான் கீறிப் பார்த்திருக்கிறீர்கள். உள்ளே, தண்டவாளத்து சிக்னல் பெட்டிக்கு அடிப்பதுபோல் மொத்தையாக ஈயம். அது முடிகிற இடத்தில் மெல்லிய ஒயர் விறைத்து, எஞ்சின் அதிர்வில் அறுந்திருக்கிறது. முனைகள் தொட்டபோது பறந்தது, விட்டபோது உதறியது. இதே கோளாறை வேலையில் எத்தனை தடவை கண்டுபிடித்திருக்கிறேன். அன்றைக்கு என் கைமேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதனால்தான் அதன்பிறகு ஒயர் வேலைக்கு என்னைக் கூப்பிடவில்லையா? "நானே பழகிக்கிறேன்டா" என்றீர்கள். வேறு ஆள் பிடித்துவிட்டீர்கள் என்று நினைத்து ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம், அத்தான். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? பெண்டாட்டியின் தம்பி என்று பார்த்தீர்களா? வீட்டில் சண்டை வரும் என்று பயமா? மச்சினனைக் காப்பாற்ற சிநேகிதரை விட்டுக்கொடுத்தீர்களே, அது நியாயமா? தூக்கி எறியாமல் அந்த ஒயரை எதற்காக வைத்திருந்தீர்கள்? 'திறக்காதே' என்றால் நான் கட்டாயம் திறப்பேன் என்று தெரிந்தே எழுதினீர்களோ என்றும் ஒரு சந்தேகம்.

அக்காவிடம் சொன்னேன். தீப்பெட்டியை வாங்கி மூடிவிட்டுச் சொன்னாள்: "அவரு ஒரு நாளு காஜாங் போயிட்டு வந்தாருடா. என்ன விஷயம்னு கேட்டா, சாத்தே கறி வாங்கப் போனேன்னாரு. கையில ஒண்ணுமே இல்ல."

அங்கிள் வீட்டு வாசல்வரை போனீர்களா? கதவைத் தட்டினீர்களா? இனி யாரிடம் கேட்பேன்? ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதேன், அத்தான். உங்களை நினைத்துக் கொஞ்சம், அந்த மாலையை நினைத்து நிறைய.

அங்கிள் ஆங்கிலப் பேப்பர் மட்டும் வாங்குகிறவர். இந்தக் கடிதம் தானாக அவர் கண்ணில் படாது. அதனால் இது அச்சாகி வரும் அன்றைக்கே, பேப்பரும் ஒரு மாலையுமாக நானே காஜாங் போகிறேன். மாலை உங்களுக்கு, அவர் கையால் பேப்பரில் இருக்கும் உங்கள் படத்துக்குப் போட வேண்டும். என்னை உள்ளே விடாவிட்டால் கேட்டுக்கு வெளியே நின்று இதை முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பேன். அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கட்டும். அவரை நான் மெதுவாகத் திட்டவில்லை.

நீங்கள் காட்டிக்கொடுக்காத மச்சினன்,
குணா
பிரிக்பீல்ட்ஸ்