மூன்று ரூம் சட்டத்துக்குக் கை தட்டியது நான்தான்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. போன வாரம் பல்செட் செய்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டு வைத்தியச் சீர்திருத்தம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். வரப்போகிற சட்டம் என்று மேடையில் வாசித்ததில் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கண்டவனும் இனி கடை போட முடியாது என்று காதில் விழுந்ததும் முதல் ஆளாகக் கை தட்டினது உன் அம்மாதான். மற்றவர்கள் என்னைப் பார்த்துத்தான் தட்டினார்கள். மனசுக்குள் யாரை நினைத்துத் தட்டினேன் என்று உனக்கே தெரியும், பக்கத்துக் கடை வழுக்கையை. பாதி விலைக்குச் செய்துகொடுத்து என் ஆட்களை எல்லாம் இழுக்கிறானே, ஒழிந்தான் என்று நினைத்தேன்.

நீ போன தடவை எழுதியிருந்தாய் அல்லவா, சட்டம் ஏன் வருகிறது என்பதற்குப் படித்தவர்கள் இரண்டு விதமாகக் காரணம் சொல்வார்கள் என்று. ஜனங்களுக்குக் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்ள சர்க்கார் போடுகிறது என்பது ஒன்று, சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவனே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறான், போட்டிக்கு ஆள் வராமல் இருக்க, என்பது இன்னொன்று. தன் வாய்க்குத் தானே பூட்டுக் கேட்கிறவன் உண்டா, காசு கட்டிப் படித்த படிப்பு இதுதானா என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது அப்பா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எனக்குச் சந்தேகம் வந்தது டீ குடிக்கும்போதுதான். டீ, பிஸ்கட், மெத்தை வைத்த நாற்காலி எல்லாம் பெரிய பல் ஆஸ்பத்திரிக்காரர் செலவாம். சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான், ஆனால் அவர்தான் இன்னும் கடுமையாகப் போடுங்கள் என்று பேசினார். பேசி முடித்து நேராக என்னிடம் வந்து, கவலைப்படாதீங்கம்மா, கடை போனால் என்ன, நம்ம ஆஸ்பத்திரியிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்துடுங்க என்றார். கடை போகிறதா? யார் கடை? அதற்கு அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவரை நிதானமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கையுறை போடு, கருவியைக் கொதிக்க வை, அச்சு எடுத்த தட்டைக் கழுவாமல் அடுத்தவர் வாயில் வைக்காதே, இதெல்லாம் நியாயம், வழுக்கைக்கே நான் கத்திக் கத்திச் சொன்னதுதான். அதோடு சேர்த்து, கடைக்கு மூன்று ரூம் இருக்க வேண்டும், தூசி உறிஞ்சுகிற மிஷின் வேண்டும், பல் டாக்டர் ஒருவர் சம்பளத்தில் இருக்க வேண்டும் என்று நைசாகச் சொருகியிருக்கிறார்கள். மூன்றாவது ரூமில் என்ன, பல்லா முளைக்கும்? இத்தனையும் யாரிடம் இருக்கிறது என்று நீயே யோசி. அந்த ஆஸ்பத்திரிக்காரரின் சொந்த மாமியாரே, மருமகன் கட்டின செட் ஈறைக் கிழிக்கிறது என்று முக்காடு போட்டுக்கொண்டு என்னிடம்தான் வருகிறாள். அதனால் இப்போது எல்லார் மேலும் சந்தேகமாக இருக்கிறது. டீ கொடுத்தவர் மேல், வாசித்தவர் மேல், கை தட்டின என் மேல். நீயும் இந்த மாதிரிச் சட்டம் எழுதுகிற ஆபீஸில்தானே இருக்கிறாய், மூன்று ரூம் உன் கைவேலை இல்லையே? இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அம்மா உன்னைக் கொஞ்சமாகத்தான் அடிப்பேன்.

மெழுகும் அரமும் இல்லாமல் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. இந்த வயசில் இன்னொருத்தர் மணியடித்தால் எழுந்து நிற்க என்னால் ஆகாது. அதனால் ஒரு காரியம் செய்தேன். இத்தனை வருஷமாக வழுக்கை கடைக்குள் காலை வைக்காதவள், வாசலில் நின்று கூப்பிட்டேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து அரத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தான். விஷயத்தைச் சொன்னதும், அக்கா, உங்ககிட்ட ரெண்டு ரூம், என்கிட்ட ஒண்ணு, நடுவில் இருக்கிறது ஒரு சுவர்தானே என்றான். அவனுக்கும் மூளை இருக்கிறது, நான்தான் இத்தனை நாள் கவனிக்கவில்லை. சட்டத்தை முடிவு பண்ணுவதற்கு முன்னால் கடைகளைப் பார்க்க ஓர் அதிகாரி வருவாராம், ஆட்சேபம் இருந்தால் அவரிடம் கொடுக்கலாமாம். நல்லதை வைத்துக்கொண்டு மூன்று ரூமையும் டாக்டரையும் மட்டும் எடுத்துவிடச் சொல்லி நீ நாலு வார்த்தை எழுதி அனுப்பு. திட்டாமல் எழுது, திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னேனே, காட்டினாயா? பல்செட்காரி மகன் பல் இல்லாமல் வந்து நின்றால் என் பெயர்தான் கெடும். நோய்நொடி அண்டாமல் நூறு வருஷம் உன் சொந்தப் பல்லோடு இரு.

என்றும் உன் நினைவாக,
இன்று வரைக்கும் கடைக்காரியான உன் அம்மா

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் சுவரை உடைத்துவிட்டோம். அப்பா நம் பக்கம் மட்டும் நின்று சாண் போட்டு அளந்து குறித்த இடம் வழுக்கையின் வேலை ரூமில் திறக்கவில்லை, அவன் கக்கூஸில் திறந்தது. உள்ளே அதிகாரி இருந்தார். இன்றைக்கே வருவார் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா வணக்கம் சொன்னார். அவரும் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னார். இதை மூன்றாவது ரூமாகக் கணக்கில் வைக்கலாமா என்று வழுக்கை கேட்டான். முடியாது என்றார்.