அரண்மனைப் பெண்ணின் மழைப்பாட்டு

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் இன்று யாரோ ஜப்பானியத் தேநீர் போட்டிருந்தார்கள். வறுத்த அரிசி கலந்த அந்தத் தேயிலையின் வாசனை வந்ததும் கையிலிருந்த கரட்டைக் கீழே வைத்தேன். அட்லிஸ்வில் ஊரில் உன் வீட்டுச் சமையலறை முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். துக்கமாக இருந்ததா என்று கேட்டால் தெரியவில்லை. மறுபடி கரட்டை எடுத்து வெட்டினேன்.

இந்த நாட்டில் என் இரண்டாவது குளிர்காலத்தில் உன்னைச் சந்தித்தேன். 2009இல் வன்னியில் போர் முடிந்தபோது என் கணவர் காணாமல் போயிருந்தார். அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். அழுகை வருவதில்லை. பசியும் வருவதில்லை, சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன். முருகன் கோவில் வாசலில் சப்பாத்துப் போடக் குனிந்தபோது நீ பக்கத்தில் வந்து நின்றாய்.

"அக்கா, நீங்கள் ஊரில தமிழ் டீச்சராம். எனக்கு ஒரு உதவி செய்வீங்களோ?"

நீ இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருந்தாய். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே அரண்மனையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் காதல் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவர ஆசைப்பட்டாய். கணவனைப் பிரிந்து ஓர் இளவரசனை நேசித்தவள் அவள். ஊர் அவளைப் பற்றிக் கண்டபடி கதைத்தது. தகப்பன் அவளை ஒதுக்கி வைத்தார். இளவரசன் இளம் வயதிலேயே இறந்துபோனான். அதன் பிறகும் அவள் அவனை நினைத்தே எழுதினாள்.

"அவன் செத்தது அவளுக்குத் தெரியுமோ?" என்று முதல் சனிக்கிழமை உன் வீட்டுச் சமையலறையில் கேட்டேன்.

"ஓம், அக்கா. தெரியும்."

"அப்ப அவளுக்குப் பரவாயில்லை."

நீ தேநீர்க் கோப்பையை என் பக்கம் தள்ளினாய். மற்ற எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மழைப்பாட்டு ஒன்று நம்மைப் பாடாய்ப் படுத்தியது. மழை பெய்கிறது, வாசலில் ஒரு காத்திருப்பு. அவ்வளவுதான்.

"காத்திருக்கிறது அவளோ, அவனோ?"

"அதில சொல்லேல்லை, அக்கா. ஜப்பானிய மொழியில சொல்லத் தேவையில்லை."

"தமிழில ஆள் சொல்லாமல் வசனம் முடியாதே."

பல சனிக்கிழமைகள் போராடி, கடைசியில் 'காத்திருந்து' என்று வசனத்தை முடிக்காமலே விட்டோம். நீ கைதட்டினாய். "அக்கா, சிரிக்கிறீங்கள்!" என்றாய். நீ சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

உன் அப்பாவுக்கு நம் வேலை பிடிக்கவில்லை. ஒருநாள் கதவருகில் நின்று கேட்டார். "கலியாணம் கட்டினவள் வேறொருத்தனுக்கு எழுதினதை எங்கட பாஷையில ஏன் பிள்ளை கொண்டுவாறாய்?"

"வடிவா இருக்கப்பா," என்றாய் நீ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பிறகு உனக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாய். "செத்த ஆக்களுக்கு எழுதிறது விசரோ, பைத்தியமோ, அக்கா?" என்று கேட்டாய்.

"அவள் எழுதினவள்தானே."

"அப்ப எனக்கும் எழுதுங்கோ. கவிதை வேண்டாம். சும்மா கதையுங்கோ."

ஓம் என்றேன். அடுத்த வசந்தத்தை நீ காணவில்லை.

இறுதிச் சடங்கில் உன் அப்பாதான் என்னிடம் வந்து ஏதாவது வாசிக்கச் சொன்னார். மழைப்பாட்டை வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. பேருந்து அட்டவணையை வாசிப்பதுபோல வாசித்து முடித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ர பிள்ளை எழுதினதோ?"

"இல்லை, ஐயா. அந்த ஜப்பான்காரி எழுதினது."

"நான் எழுதினதுபோல இருக்கு," என்றார்.

அவர் அழுதார். நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

இன்னும் நான் அழவில்லை, உனக்காகவும் என் கணவருக்காகவும். ஆனால் இன்று அந்தத் தேநீரைப் போட்ட போர்த்துக்கேயப் பெண், கரட்டை வெட்டிக்கொண்டே, என் கணவர் எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டாள். இப்படி யாரும் கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். இன்று அவருடைய பெயரைச் சொன்னேன். எங்கே இருக்கிறார் என்று தெரியாது என்றும் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

சொல்லத் தொடங்கினேன். மதியச் சாப்பாடு பிந்திவிட்டது.