அம்மணி எங்கள் வீட்டில் இருக்கிறாள்

என் ஜமீலா அக்காவுக்கு,

முதலில் அந்தச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அம்மணி உயிரோடு இருக்கிறாள். தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தென்னை நிழலில் இருக்கிறாள்.

குளுக்கோஸ் பாட்டில் தயாரிக்கிற கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் வேலை பார்த்தபோது அந்த வெள்ளை முயல் நம்மை என்ன பாடு படுத்தினாள்! அவளுக்குப் பேர் வைத்ததே நீங்கள்தான். மருந்தை முயலின் காது நரம்பில் ஏற்றிவிட்டு, காய்ச்சல் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் மருந்தில் கோளாறு. தலை மட்டும் வெளியே தெரிய அடைத்து வைக்கிற பெட்டிக்குள் மற்ற முயல்கள் சாதுவாக உட்கார்ந்திருக்கும். அம்மணிக்கு மட்டும் மூடி சாத்துகிற சத்தம் கேட்டாலே உடம்பு சூடேறிவிடும்.

"அந்தக் காலத்து ஆராய்ச்சி புஸ்தகத்துல எல்லாம் ஒரு நாய், மூணு முயல்னுதான் எழுதியிருக்காங்க. அதுல எது பயந்தாங்கொள்ளி, எது கோவக்காரின்னு யாருமே எழுதலையே சரசு?" என்பீர்கள். எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஒருமுறை அவளால் ஒரு நாள் உற்பத்தி முழுக்கவே நின்றுபோகப் பார்த்தது. நீங்கள் மருந்தே போடாமல் அவளைப் பெட்டியில் உட்கார வைத்தீர்கள். அப்போதும் சூடு ஏறியது. "மருந்து நல்ல மருந்துதாங்க சார். இவளுக்குத்தான் கோவம்" என்று மேலாளரிடம் சொன்னீர்கள். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் சோதனைக்கு ஆகாத முயலைக் கொன்றுவிடுவதுதான் அங்கே வழக்கம். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று கெஞ்சிக் கெஞ்சியே தனிக் கூண்டில் வைத்து அவளைக் காப்பாற்றினீர்கள்.

பிறகு நீங்களே படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில், உங்கள் கையில் இறங்கிக்கொண்டிருந்த பாட்டிலை அண்ணாந்து பார்த்தீர்கள். "இதை எந்த முயல் தாங்குச்சோ. நான் வரலைன்னா அம்மணியை என்ன பண்ணுவாங்க சரசு?"

கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாக என்னிடம் நீங்கள் கேட்டது அதுதான். அதன் பிறகு, நாளைக்குப் பார்க்கலாம் என்று கெஞ்சுகிற வேலை எனக்கு வந்தது.

இந்த வருஷம் முயலே இல்லாமல் கண்ணாடிக் குழாயிலேயே பார்க்கிற சோதனை வந்துவிட்டது அக்கா. முயல் அறையை மூடப்போவதாகப் பேச்சு வந்ததுமே மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

"அம்மணியை எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க சார்."

"அது கடிச்சுப்போடுமேங்க?"

"கடிச்சா கடிச்சுட்டுப் போகட்டுங்க."

அப்புறம் அவரே அலைந்து அனுமதி வாங்கித் தந்தார். மிச்சமிருந்த முயல்களுக்கும் ஒவ்வொரு வீடு கிடைத்துவிட்டது.

வந்த புதிதில் அம்மணி மூலையை விட்டு அசையவில்லை. நேற்று மத்தியானம் போய்ப் பார்த்தால், காலை நீட்டி ஒருக்களித்துக் கிடக்கிறாள். செத்துவிட்டாளோ என்று பதறி ஓடினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் தூங்கிப்போனாள். பயமில்லாத முயல்தான் அப்படிப் படுக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமே. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுது முடித்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது.

உங்கள் மகள் நூர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். "சித்தி, நான் அதைத் தூக்கிக்கட்டுமா?" என்று போனில் கேட்டாள்.

"தூக்க வேண்டாம் கண்ணு. பக்கத்துல சும்மா உக்காந்திரு. மனசிருந்தா அவளே வருவா" என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

இஷ்டமில்லாமல் இனி ஒருத்தர் கையும் அவள் மேல் படாது அக்கா. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
சரசு