மாம்பழத்துக்குக் கிரேன்

ஜூன் 8, திங்கள். திருப்பதி

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மலை தெரியவில்லை, வெறும் புழுதி. ஹாஸ்டலில் தண்ணீர் ஆறு மணியோடு நின்றது. அரை வாளிக் குளியல்.

நேற்று சித்தூரில், சர்ச் முடிந்து வரும்போது நைனா மறுபடி கேட்டார், உன் கம்பெனி என்னதாம்மா செய்யுது என்று. ஆறு மாதத்தில் பத்தாவது முறை. சொன்னேன்: ஒரு ஃபேக்டரியில் எப்படி வேலை நடக்கிறது என்று நாங்கள் புத்தகமாக எழுதித் தருவோம். ஆடிட்டர் வந்து, புத்தகமும் வேலையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் தரச் சான்றிதழ். அது இருந்தால் வெளிநாட்டுக்காரன் சரக்கு வாங்குவான்.

"அவங்க வேலைய அவங்களுக்கே எழுதிக் குடுக்கறதுக்கு ஒரு கம்பெனியா?" என்றார்.

ஒன்பது மணி மீட்டிங். சுதாகர் சார் (இனி சு.சார், கை வலிக்கிறது) பம்பாயில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு வந்து இதை ஆரம்பித்தவர். அவருடைய சட்டம்: ஆபீசில் 'ப்ராப்ளம்' என்று யாரும் சொல்லக் கூடாது, 'சேலஞ்ச்' என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவர் எல்லோருக்கும் கீழே போய் டீ வாங்கி வர வேண்டும். இன்று மாட்டியவர் என் சீனியர் ரவிகாரு. ஜெராக்ஸ் மிஷின் ப்ராப்ளம்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் புத்தகம் முடிந்தது. தயாரித்தவர்: நான். சரிபார்த்தவர்: ரவிகாரு. ஒப்புதல்: சு.சார். மூன்று கையெழுத்தும் டீ ஆறுவதற்குள். பெருமையாக இருந்தது. சரக்குகளைக் கையாளும் ஏழாவது அத்தியாயத்தைப் போன மாதம் முடித்த கிரானைட் ஃபேக்டரி புத்தகத்திலிருந்து எடுத்தேன். கிரானைட் வருமிடமெல்லாம் மாம்பழம் என்று மாற்றச் சொன்னேன், கம்ப்யூட்டர் ஒரே நொடியில் மாற்றியது.

20ஆம் தேதி என் ப்ரொபேஷன் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா, தெரிந்துவிடும்.

ஜூன் 9, செவ்வாய்

செய்ய வேண்டியவை: செருப்புக்குத் தையல். அண்ணனுக்குக் கடிதம் (மஸ்கட் போய் மூன்று கடிதம் வந்துவிட்டது, என்னுடையது ஒன்று). தலைவலி மாத்திரை.

கீழ்மாடி கம்ப்யூட்டர் சென்டரில் இன்னொரு பையனுக்கு அமெரிக்க விசா. படியெல்லாம் லட்டு. ரவிகாரு மூன்று தின்றுவிட்டு, "மனக்கு எப்புடோ", நமக்கு எப்போதோ, என்று பெருமூச்சு விட்டார்.

எனக்கு எங்கேயும் போக வேண்டாம். இந்த வேலை பிடித்திருக்கிறது. ஃபேக்டரிக்குள் போய், இது ஏன், அது எப்படி என்று கேட்டுக்கொண்டே நிற்பதற்கு யார் சம்பளம் தருவார்கள்? மிஷன் பள்ளி ஆபீசில் ஓரிடம் காலி, நைனா சொல்லிவைத்திருக்கிறார். நினைத்தாலே கொட்டாவி.

ஜூன் 10, புதன். சித்தூர்

இதை எப்படி எழுதுவது.

ஆடிட் 16ஆம் தேதி. அதற்குள் வேலை செய்பவர்களுக்கு அவரவர் பகுதி தெரிந்திருக்க வேண்டும், அது விதி. பழம் வெட்டும் பெண்களை மதியச் சாப்பாடு முடிந்ததும் உட்கார வைத்தேன். பதினாலு பேர். எல்லாம் எல்லையோரத்துத் தமிழ் ஊர்களிலிருந்து லாரியில் வருபவர்கள். புத்தகம் இங்கிலீஷ். நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏழாவது அத்தியாயம்.

"ஒவ்வொரு மாம்பழத்தையும் கயிறு கட்டி, கிரேன்ல தூக்கி இறக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.

கன்னியம்மா என்று ஒருவர், பிச்சாட்டூர்ப் பக்கம், வரிசைக்கு மூத்தவர். சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டார்: "கிரேன்லயா மா? நாங்க கையாலயே தூக்கிக்கினு இருக்கோமே."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பதற்றத்தில் அடுத்த வரியையும் படித்துவிட்டேன். விளிம்பு உடைந்த மாம்பழத்தைப் பசை வைத்து ஒட்டி, மெருகேற்றி அனுப்பலாம்.

"பச யாரு குடுப்பாங்க, கம்பெனியா?" என்று ஒரு பெண். அவ்வளவுதான். பதினாலு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே முதல் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

பஸ் ஸ்டாண்டில் நின்று மீதியைப் படித்தேன். மாம்பழங்களை மழையில் நனையும்படி வெளியிலேயே நிற்க வைக்கலாமாம்.

ஜூன் 11, வியாழன். திருப்பதி

தூக்கம் போதவில்லை. நேராக சு.சார் அறை.

"சார், ஒரு ப்ராப்ளம்."

"எஸ்தர்."

"இல்ல சார். ப்ராப்ளம்தான். டீ அப்புறம் வாங்கிட்டு வரேன்."

காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் இதைப் படிப்பது இப்போதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தது.

"சரே. பேஜ மாத்திடு. பழைய தேதியே போட்டுடு. எவரிக்கி தெலுசு?"

"பதினாலு பேருக்குத் தெரியும் சார்."

அப்புறம் சொன்னேன். போகிற ஃபேக்டரியில் எல்லாம் நாம் சொல்லிக் கொடுப்பது என்ன? தப்பு நடந்தால் திருத்தத் தாளில் எழுது, காரணம் எழுது, மூன்று பேரும் கையெழுத்துப் போடு. நமக்கு மட்டும் பழைய தேதியா?

பேனாவை மூடி வைத்தார். "உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு, தெரியும் இல்ல?" மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னார். தெரியும் சார் என்றேன். டீ வாங்கி வந்து வைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

கோபம் அவர் மேல் கொஞ்சம். ஒரே நொடியில் மாற்றிவிட்டு இளித்தவள் மேல்தான் நிறைய.

ஜூன் 12, வெள்ளி. சித்தூர்

புத்தகம் எழுதும் முன்பே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். கன்னியம்மா பக்கத்தில் நாள் முழுக்க நின்றேன். தோத்தாபுரி மாம்பழம் மலைமலையாக இறங்குகிறது. ஈக்கள். புடவையெல்லாம் சாறு.

"காம்பு கிட்ட மோந்து பாப்போம் மா. புளிச்ச வாசன அடிச்சா நீலக் கூடைல போட்ருவோம். கத்தி பட்டு கை அறுந்தா அந்தப் பழத்தயே தூக்கிப் போட்டுட்டு, கைய கட்டிக்கினு அந்தாண்ட போயிடணும். இதெல்லாம் எழுதுவியா?"

"எழுதறதுக்குத்தான் வந்தேன்."

"நல்லா எழுது. இத்தன வருஷத்துல எவனும் கேக்கல."

பதினோரு பக்கம் எழுதினேன். தப்பித் தவறி வேலை போனாலும் இந்தப் பதினோரு பக்கம் நன்றாக வந்திருக்கிறது. கூடவே ஒரு முழுக் கூடைப் பழம் கொடுத்தார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 15, திங்கள். சித்தூர்

மேகம். மழை இல்லை.

திருத்தத் தாள் தயார். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்து, கடைசியில் உள்ளதை எழுதினேன்: 'மாம்பழம் கிரானைட் அல்ல. நாங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.'

ரவிகாரு தாளைத் தொடவே இல்லை. "நான் செக் பண்ணலன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நல்லா இருக்கே."

சு.சார் தாளை எடுத்துக்கொண்டு எங்களைக் காரில் ஏறச் சொன்னார். மூன்று பேரும் ஃபேக்டரிக்கு வந்தோம். அவர் நேராக வெட்டும் இடத்துக்குப் போய், புது ஏழாவது அத்தியாயத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிமிர்ந்து பார்த்தார். மோந்து பார்க்கிறார்களா, பார்க்கிறார்கள். நீலக் கூடை இருக்கிறதா, இருக்கிறது.

கன்னியம்மா கத்தியை நிறுத்தாமலே கேட்டார்: "சார், மொதல்ல ஒண்ணு இருந்துச்சே, கிரேன் வச்சி. அதயும் நீங்கதான் படிச்சிட்டு கையெழுத்து போட்டீங்களா?"

ரவிகாரு கூரையைப் பார்த்தார்.

சு.சார் முகம் சிவந்தது, பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார். "லேதம்மா. படிக்கல. அதான் இப்ப வந்து நிக்கறேன்."

பழக் கூடை மேல் திருத்தத் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் சாறு ஒட்டியது. பேனாவை ரவிகாருவிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே இருந்தார். ரவிகாருவும் போட்டார்.

ஜூன் 16, செவ்வாய். சித்தூர்

ஆடிட். சென்னையிலிருந்து வயதானவர், சட்டைப் பையில் நாலு பேனா.

திருத்தத் தாளில் நின்றுவிட்டார். இரண்டு முறை வாசித்தார். "யார் எழுதினது இது?"

நான் எழுந்திருப்பதற்குள் சு.சார்: "நாங்கதான் சார். மூணு பேரும்."

"காரணம்னு இருக்கற எடத்துல எல்லாரும் 'டைப்பிங் மிஸ்டேக்'னுதான் எழுதுவாங்க" என்றார் அவர். கன்னியம்மாவிடம் போய் முக்கால் மணி நேரம் நின்றார். கேட்டதற்கெல்லாம் பதில், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. இரண்டு சின்னக் குறை எழுதினார் (தராசில் ஸ்டிக்கர் இல்லை, ஒரு குழாய் ஒழுகுகிறது). சான்றிதழுக்குப் பரிந்துரை.

வெட்டும் பெண்களுக்கு முதலாளி பஜ்ஜி வாங்கித் தந்தார். ரவிகாரு தின்றதற்குக் கணக்கில்லை.

ஜூன் 20, சனி. திருப்பதி

மழை, கடைசியில். ஆபீஸ் ஜன்னல் ஒழுகி ஃபைலெல்லாம் ஈரம்.

நாலு மணிக்கு சு.சார் கூப்பிட்டார். மேஜையில் ஒரு தாள், டைப் அடித்தது. நாலே வரி. உட்காரச் சொன்னார்.

கையெழுத்துப் போடவில்லை. விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். முதல் வரி. இரண்டாவது வரி. என் பெயரில் ஒரு நிமிஷம், 'நிரந்தரம்' என்ற சொல்லில் ஒரு நிமிஷம் நின்றார். முடித்துவிட்டு மேலேயிருந்து மறுபடி. அப்புறம் ரவிகாருவைக் கூப்பிட்டு, "சதுவு" என்றார். அவரும் உதடு அசைய அசைய முழுதும் படித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சு.சார் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீயும் படி. படிச்சிட்டு போடு."

குனிந்தேன். கண்ணில் நீர் முட்டி நின்றது, ஒரு எழுத்தும் தெரியவில்லை. படித்துவிட்டேன் சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.