கடலுக்கு உன்னைத் தரமாட்டேன் என்றேன்

என்னை விட்டுவிட்டுப் பிறந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்ட என் தனத்துக்கு,

சௌக்கியமா என்று கேட்க வாய் வரவில்லை. அங்கே நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பெண்டாட்டி மேல் சந்தேகப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு துறைமுகத்தின் மேல் பொறாமைப்பட்டவன் கீழ்பென்னாத்தூரிலேயே நான் ஒருவன்தான். கடலூரிலிருந்து உன்னைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரமே நம் ஏரி மீனை முகர்ந்துவிட்டு, "சேத்து வாசனை அடிக்குதுங்க" என்றாய். திருவண்ணாமலையில் மலை சுற்றும்போதுகூட, "எங்க ஊர்ல காத்து ஜாஸ்தி" என்பாய்.

ரேடியோவில் கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவாய். நம் மல்லாட்டைச் செடியெல்லாம் மழையில் அழுகி ஒரு கடலைகூடத் தேறாத வருஷமும் நீ அழுதது அங்கே கட்டியிருந்த படகுகளுக்காக. ஒருநாள் ரேடியோவைப் பட்டென்று அணைத்தேன். அதன்பிறகு உன்னை அங்கே அனுப்பாமலிருக்க எத்தனை சாக்கு! மல்லாட்டை பிடுங்கணும், மாடு கன்று போடும். எத்தனை தீபாவளி அப்படிப் போயிற்று?

காய்ச்சலில் கிடந்தவள் கடைசியில் உன் தம்பி செல்வத்திடம், என்னிடம் இல்லை, அவனிடம் சொன்னாய்: "என்னை நம்ம கடல்ல கரைச்சுடுடா." நான் கதவருகில்தான் நின்றிருந்தேன்.

எரித்த மறுநாள் அவன் அஸ்திக் கலயத்துக்குக் கை நீட்டினான். தரவில்லை. தை மாதம் நம் அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்குப் போகிற பெண்ணையாறு இருக்க, உன் கடல் எதற்கு என்று மணலூர்ப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். அணை திறந்து ஆறு நிறைய ஓடியது. கரைத்தேன். இனி இவள் எங்கள் பக்கத்து ஆள் என்று ஒரு திமிர்கூட வந்தது.

கூட வந்த செல்வம் சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தான்.

"இந்தத் தண்ணி எங்க போவுதுன்னு நெனச்சீங்க மாமா? கடலூர்லதான் கடல்ல விழுது. அணை வேற தொறந்திருக்காங்க. ரெண்டு நாள்ல அக்கா வந்துடும்."

ஆயுசு முழுக்க வயலுக்குத் தண்ணீர் கட்டியவன், ஆறு எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை. வேட்டியோடு இறங்கி இரண்டு கையாலும் துழாவினேன். செல்வம்தான் பிடித்து இழுத்தான்.

இப்போது, "ஒரு தடவை வாங்க மாமா" என்று அவன் கடுதாசி போடுகிறான். போகவில்லை. இன்னும் எரிகிறது. ஆனால் நீ கடைசியாகக் கேட்ட அந்த ஒன்றையும் தடுக்கப் பார்த்தேனே, தனம், அது தப்பு. மன்னித்துவிடு.

ஒரு வாக்கு தருகிறேன். என்னையும் மணலூர்ப்பேட்டையில் அதே இடத்தில் கரைக்கும்படி நம் மகனிடம் சொல்லிவிட்டேன். ஆறு வறண்டு கிடக்கிற கோடையில் செத்துப்போனால், அணை திறக்கிற வரைக்கும் கலயத்தை வீட்டிலேயே வைத்திருக்கச் சொன்னேன். எத்தனை மாசமானாலும் வந்துவிடுவேன்.

இப்போதும் உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை