மைதானத்துச் செபம்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்

அன்பு அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நல்ல சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று அலுவலகச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்குவாதம். அமெரிக்காவில் பள்ளிக்கூட ஃபுட்போல் பயிற்சியாளர்கள் மைதானத்தில் பிள்ளைகளைக் கூட்டி முழந்தாளிட்டுச் செபிப்பது சரியா என்பதுதான் பேச்சு. இங்கே மதத்தை வேலையிடத்துக்குக் கொண்டுவருவது பலருக்குப் பிடிக்காது. நானும் இதுவரை சிலுவை அடையாளத்தை மேசைக்குக் கீழே, விரலால்தான் போட்டு வந்தேன்.

கூட வேலை செய்யும் றஜிந்தன் அண்ணா என்னை இழுத்துவிட்டார். "ஷெரோன் கோயில்பிள்ளை. கோச்சின்ர பக்கம்தான் நிப்பாள்!"

"இல்லை அண்ணை. ஊரில எங்கட பள்ளிக்கூட நெற்போல் ரீமுக்கு ஆள் எடுக்கிற சிஸ்டர் செபிக்கக் கூப்பிட்டா, என்னோட விளையாடின கஜந்தினியும் முழந்தாளிடுவாள். அவள் சைவ சமயம். மாட்டன் எண்டா ரீமில இடம் போயிடும் எண்ட பயம். ரீமுக்கு ஆள் எடுக்கிறவர் செபிக்கக் கூப்பிடக்கூடாது."

"அப்ப நீயும் செபிக்கமாட்டியோ?"

"நான் செபிச்சா ஆருக்கு அண்ணை பயம்?"

மேசையில் மற்றவர்களுக்கும் விளங்க அதையே பிரெஞ்சிலும் சொன்னேன் அம்மா. பிறகு எல்லாரும் பார்க்க நெற்றியில் கைவைத்துச் சிலுவை போட்டேன். மேலாளர் லூயிஸ், சாப்பிடத் தொடங்குமுன் இங்கே எல்லாரும் வழமையாகச் சொல்வதுபோல, "நன்றாகச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

ஒரு சின்ன உதவி. வீட்டில் செபமாலை தொடங்கும்போது எனக்குப் போன் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இங்கே அப்போது காலை. தனியே சொன்னால், மற்றவர்கள் சேர்ந்து சொல்லும் மறுமொழிப் பாதியையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
ஷெரோன்