மூன்று ரிங் வந்தால் எடுங்கள்

நைனார்பாளையம்,
திங்கட்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் எழில்மதி எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தை இளமாறன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து உங்கள் சைட்டுக்கே திரும்ப சனிக்கிழமை விமானம் ஏறுகிறார். போர்வெல் போடுகிற வண்டி மேல் இருந்தால் முதலில் கீழே இறங்குங்கள். சாப்பிட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். பிரித்த பிறகுதானே இதைப் படிப்பீர்கள், என் புத்தியைப் பாருங்கள். அதனால் கவர் மேலேயும் எழுதியிருக்கிறேன்.

இங்கே அத்தை நலம். போன வாரம் மலைப்பக்கம் நல்ல மழை, கோமுகி வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கிறது. அத்தை மக்காச்சோளக் களையெடுப்புக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள். கூரையில் ஒழுகிய இடத்துக்கு மாயவன் சித்தப்பா வந்து தார்ப்பாய் போட்டுக் கட்டினார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது.

எதையெதையோ எழுதுகிறேன். இப்படியே நாலு பக்கம் எழுதிவிடுவேன் போலிருக்கிறது. மாமா, நம் பாப்பா இறந்துவிட்டாள். பெண் குழந்தை. இருபத்தாறு நாள் ஆகிறது. எனக்கு ஒன்றும் இல்லை, நான் நன்றாக இருக்கிறேன்.

இருபத்தாறு நாளாகத் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு ரிங் கொடுத்தாயே, நல்லா இருக்கிறேன் என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கிளம்பும்போது எனக்கு இருந்த திமிரை நினைத்துப் பார்க்கிறேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கந்தசாமி அண்ணன் செல்போன் கடையில் மூன்று வருஷம் நின்றவள் ஆயிற்றே. சிங்கப்பூர் போகிறவன், துபாய் போகிறவன் எல்லாருக்கும் எந்த ரோமிங் பேக் போட வேண்டும், எதை ஆஃப் பண்ண வேண்டும் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். சொந்தப் புருஷனுக்குச் சொல்லாமல் விடுவேனா? ஆனாலும் முதல் நாளே சொதப்பிவிட்டோம். தான்சானியாவுக்கு பேக் போட்டேன், நடுவில் நைரோபியில் விமானம் மாறுவீர்கள் என்பதை யோசிக்கவில்லை. அந்த ஊர் நம் பேக்கில் இல்லை. நீங்கள் அங்கே இறங்கி, பெரிய கண்ணாடி வழியாக விமானம் நிற்பதைக் காட்டுகிறேன் என்று வீடியோ காலில் வந்தீர்கள். அவசரத்துக்கு என்று போட்டு வைத்த பேலன்ஸ் முழுதும் விமானத்து வாலைக் காட்டுவதற்குள் போய்விட்டது. நீங்கள் சிரித்தீர்கள். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த ஒழுங்கெல்லாம். டேட்டா ரோமிங் ஆஃப். தானாக அப்டேட் ஆவது ஆஃப். போன் வந்தால் எடுக்கக் கூடாது, எடுத்தால் உங்களுக்குக் காசு போகும். மாசத்துக்கு ஒரு ஊர், ஒரு எல்லை என்று வண்டி போய்க்கொண்டே இருப்பதால் அந்த ஊர் சிம்மும் நிலைக்கவில்லை. சம்பள பேங்க் ஓடிபி வருவதற்கு நம் சிம் உயிரோடு இருக்க வேண்டும். டவுனுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைஃபையில் பேச்சு. மற்ற நாளெல்லாம் மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் நல்லா இருக்கிறேன். இரண்டு ரிங் என்றால் பாப்பா இன்றைக்கு நன்றாக உதைத்தாள். மூன்று ரிங் என்றால் காசு போனால் போகிறது, எடுத்துப் பேசு.

நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் ஒத்திகை பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் அடுப்படியில், நீங்கள் கொல்லையில் முருங்கை மரத்தடியில். நான் இரண்டு அடித்தால் நீங்கள் இரண்டு என்று கத்துவீர்கள். மூன்று அடித்தால் மூன்று. அத்தை துணி துவைத்துக்கொண்டே, பக்கத்துல நின்னுக்கினு இன்னாடி போன்ல வெளாட்டு என்று திட்டினார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே பாப்பா சரியாக அசையவில்லை. நான் முதலில் தூங்குகிறாள் என்று நினைத்தேன். மத்தியானம் அத்தை வெல்லம் போட்டுப் பால் கொடுத்தார்கள், இடது பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். ஒரு தடவை லேசாகப் புரண்டது போல இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆறாவது மாசத்தில் இதே மாதிரிப் பயந்து கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சிரித்துத் திருப்பி அனுப்பினார்களே, அது அத்தை மனசிலும் இருந்தது, என் மனசிலும் இருந்தது. இதற்கெல்லாம் 108-ஐக் கூப்பிடுவார்களா என்று கூச்சம். காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகலாம் என்றார்கள் அத்தை. எனக்கு அப்பவே போக வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்து சொல்ல வரவில்லை. கடைசியில் அத்தையே, அவன் ஒரு வார்த்த சொல்லட்டும், ஒடனே போலாம் என்றார்கள்.

அதனால் ஆறரை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. ஆறு மணிக்கே கூப்பிட்டேன். என் காதில் மூன்று ரிங் கேட்டது மாமா. கோயிலில் வைத்துக் கேட்டாலும் சொல்வேன், மூன்று கேட்டது. மூன்றாவது முடிந்ததும் என் விரல் தானாகக் கட் பண்ணிவிட்டது. ஆறு மாசப் பழக்கம். நீங்கள் எடுக்கும்வரை விட்டிருக்க வேண்டும். எடுக்க வேண்டிய போனைக்கூடக் கட் பண்ணத்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு நிமிஷத்தில் உங்களிடமிருந்து ரிங் வந்தது. ஓடிப் போய் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஒரே ஒரு ரிங்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி மூன்று ரிங் அடிக்கிறாள், இந்த மனுஷன் நல்லா இருக்கிறேன் என்று ஒன்று அடிக்கிறாரே என்று நினைத்தேன். இவருக்கு நம்மைவிட பேலன்ஸ்தான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வீம்பில் திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம், மெசேஜ் வந்தால் உங்களுக்குக் காசே கிடையாது, ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவள் நான். போடவில்லை. அத்தை, பாத்தியா, அவனே ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டான், காத்தால போலாம், படு என்றார்கள். நானும் போனைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காலையில் முதல் பஸ்ஸில் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பவே தெரிந்துவிட்டது. நேற்றே வந்திருந்தால் என்று அத்தைதான் கேட்டார்கள். சொல்ல முடியாதும்மா, பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றார்கள். அந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில்தான் இருபத்தாறு நாளாகக் கிடக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் பிறந்தாள். உங்கள் நெற்றி. முடி அவ்வளவு கறுப்பு. செந்தமிழ்ச்செல்வி என்று பெயர் வைக்க வேண்டும் என்றீர்கள், எந்த விண்ணப்பத்திலும் கட்டத்துக்குள் அடங்காது என்று நான் கேலி செய்தேன். அவள் காதில் அந்தப் பெயரை ஒரு தடவை முழுசாகச் சொன்னேன். ஒரு எழுத்துகூடக் குறைக்கவில்லை. அதற்குப் பிறகு மாயவன் சித்தப்பா துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். வாய்க்கால் ஓரம் புங்கமரத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்களாம். எனக்கு இன்னும் அங்கே போகத் தெம்பு வரவில்லை.

அன்றைக்கும் ஆறரை மணி வந்தது. பெட்டில் படுத்திருந்தேன். மூன்று அடிக்கலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் அந்த நேரம் சிக்னலுக்காக வண்டி உச்சியில் ஏறி நிற்பீர்கள். அங்கே நின்றுகொண்டு இதைக் கேட்டால் கால் நிற்குமா? ஒரு ரிங் கொடுத்துவிட்டுக் கட் பண்ணினேன். நீங்களும் ஒன்று கொடுத்தீர்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ரிங்கில் அழுகை கேட்காது, அதனால் தினமும் சுலபமாகப் பொய் சொல்ல முடிந்தது. இந்தச் சைட்டில் வைஃபை இல்லை, இரண்டு மாசத்துக்கு டவுனுக்கு வர முடியாது என்று நீங்கள் முன்பே சொன்னது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. குடிக்க ஆள் இல்லை என்று அதற்குத் தெரியவில்லை. அத்தை சின்னசேலம் வரைக்கும் போய் மல்லிகைப்பூ வாங்கி வந்து, பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டினார்கள். காயக் காயப் புதுப்பூ வைத்தார்கள். கட்டும்போது அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவர்களைப் பார்க்கவில்லை. அத்தையைத் திட்டாதீர்கள் மாமா. எனக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படியில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் இளமாறன் அண்ணன் நீங்கள் கொடுத்தனுப்பிய பையோடு வந்தார். வாசலில் என்னைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். பையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்கிற பூப்போட்ட துணி, மஞ்சள் கவுன், சின்னத் தொப்பி. எல்லாவற்றையும் பார்த்தேன். துணி நல்ல கனம், நன்றாக உழைக்கும். பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அவரிடம்தான் கேட்டேன், அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று. அவர் உங்கள் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றதாம். நீங்கள் சிரித்துக்கொண்டே, பாருடா, எம்பொண்டாட்டி இன்னிக்கு அரை மணி நேரம் முன்னாடியே அடிச்சிட்டா, நல்லாகீறாளாம் என்று சொல்லிவிட்டுத் திருப்பி ஒன்று அடித்தீர்களாம்.

மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கந்தசாமி அண்ணனைக் கேட்டேன். அவர் கையில் இருந்த போனைக் கீழே வைத்தார். பிறகு, நம்ம காதுல கேக்கற ரிங்கு வேறம்மா, அந்தாண்ட அடிக்கற ரிங்கு வேற, ரோமிங்ல அது தேடிப் போய்ச் சேரவே நேரமாவும், இங்க மூணு கேட்டா அங்க ஒண்ணுகூட அடிக்கும் என்றார். மூன்று வருஷம் அந்தக் கடையில் நின்றேன். அதை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

இதை மட்டும் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குழந்தை தங்கவில்லை என்று இரண்டு வரி எழுதியிருந்தால் நீங்கள் அழுதுவிட்டுத் தேறியிருப்பீர்கள். உங்கள் ஒரு ரிங்கைச் சொன்னால் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ரிங்கில் சொன்ன பொய் போதும், எழுத்திலும் சொல்ல முடியவில்லை. மூன்று வந்திருந்தால் நீங்கள் எடுத்திருப்பீர்கள். சம்பளமே போனாலும் எடுத்திருப்பீர்கள். அதை நம்பாமல் ஒரு ராத்திரி முழுதும் உங்கள் மேல் கோபமாகப் படுத்திருந்தேனே, அதற்குத்தான் உங்கள் காலில் விழுகிறேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. என் மேல் இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்டாலும் இல்லை என்கிறார்கள், எனக்கு அது மனசில் நிற்கவில்லை.

வளைகாப்புக்கு என்று எடுத்து வைத்திருந்ததில் உங்கள் நம்பருக்குப் பேசுகிற பேக் போட்டுவிட்டேன். இந்தத் தடவை எந்தெந்த ஊர் அதில் இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். ரோமிங்கை எப்படி ஆன் பண்ணுவது என்று இளமாறன் அண்ணனுக்குத் தனிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாதியில் வேலையை விட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்ல வரவில்லை.

இதைப் படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் சரி. பேச வராவிட்டால் பேச வேண்டாம், சும்மா வைத்துக்கொண்டிருங்கள், ஓடுகிற காசு ஓடட்டும். இனிமேல் நான் மிஸ்டு கால் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள். ஒரு ரிங்கோடு நின்றால் எனக்கு உயிர் போய்விடும். நான் எடுக்கும்வரை அடிக்கட்டும் மாமா, கட் பண்ணிவிடாதீர்கள்.

கீழே பார்த்து இறங்குங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நம் குலசாமி உங்களையாவது முழுசாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உங்கள் எழில்மதி.